இன்றைய நார்டிக் பித்தளை இசையைக் கேட்கத் தொடங்குவது எப்படி

சுவீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளிலும் டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், டூபா என்னும் பித்தளைக் காற்றுக் கருவிகளுக்கும் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவுக்குமாகக் கடந்த நாற்பது ஆண்டுகளில் எழுதப்பட்ட இசை, அளவிலும் தரத்திலும் வியக்க வைப்பது. ஆனால் புதிதாகக் கேட்க வருபவருக்கு அதன் வாசல் எளிதில் புலப்படுவதில்லை. பெயர்கள் வாயில் நுழைவதில்லை. படைப்புகளின் தலைப்புகளிலிருந்து எதையும் ஊகிக்க முடிவதில்லை. முதல் ஐந்து நிமிடங்களில் முணுமுணுத்துக்கொள்ள ஒரு மெட்டும் கிடைக்காதபோது பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தியவர்களையும், இனிமேல்தான் தொடங்கப் போகிறவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

இசையமைப்பாளர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டாம் என்பதே என் முதல் யோசனை. வாசிப்பவரைப் பின்தொடருங்கள். வயலினுக்கும் பியானோவுக்கும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த தனி வாசிப்புப் படைப்புகள் உண்டு. டிராம்போனுக்கும் டூபாவுக்கும் அப்படி ஒரு சேமிப்பு இல்லை. ஆகவே அக்கருவிகளில் தனிக் கலைஞராக வாழ விரும்பியவர், தம் காலத்து இசையமைப்பாளர்களின் கதவைத் தட்டி, எனக்கென்று எழுதித் தாருங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. அப்படிக் கேட்டுப் பெற்றவைதான் இந்த இசையின் பெரும்பகுதி. ஒரு கலைஞரின் பெயரைப் பிடித்துக்கொண்டால் பத்து இசையமைப்பாளர்கள் தாமாகவே அறிமுகமாவார்கள்.

இரண்டாவது யோசனை காதைப் பற்றியது. பித்தளைக் கருவி என்றதும் போர், வேட்டை, அரச ஊர்வலம், வெற்றி முழக்கம் என்று எதிர்பார்ப்பது வழக்கம். ஐரோப்பிய இசை நெடுங்காலம் அந்த வேலைகளுக்கே அவற்றை அழைத்தது. இங்கே பேசப்போகும் படைப்புகளில் அந்த எதிர்பார்ப்பை வைத்துக்கொண்டு காத்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். மூச்சையும் தூரத்தையும் கேட்கப் பழகுங்கள். உதடு அதிரும் முன் குழாய்க்குள் நுழையும் காற்றையும், ஒலி எவ்வளவு தொலைவிலிருந்து வருவதாகத் தோன்றுகிறது என்பதையும் கவனித்தால், மெட்டு இல்லாத இடங்களிலும் இசை எங்கே போகிறது என்பது பிடிபடத் தொடங்கும்.

கேட்பதற்கு முன் சில ஏற்பாடுகள்

நம் ஊரில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் கல்யாண மேடையில் பாடும் மெல்லிசைக் குழுதான் நினைவுக்கு வரும். இக்கட்டுரையில் அச்சொல் எங்கு வந்தாலும் வயலின் முதலான தந்திக் கருவிகள், மரக்காற்றுக் கருவிகள், பித்தளைக் கருவிகள், தாளக் கருவிகள் எல்லாம் சேர்ந்த, எண்பது பேர் வரை அமரக்கூடிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவையே குறிக்கும். தனிக் கலைஞர் ஒருவரும் ஆர்க்கெஸ்ட்ராவும் எதிரெதிராகவோ இணைந்தோ வாசிக்கும் படைப்பு கான்செர்ட்டோ. பெரும்பாலான இன்றைய கான்செர்ட்டோக்கள் பதினைந்து நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை நீளும். ஆகவே ஒரு மாலைக்கு ஒன்று போதும்.

கைபேசியின் ஒலிபெருக்கியில் இவற்றைக் கேட்க வேண்டாம். டூபாவின் அடி ஒலிகள் அதில் வெளிப்படவே மாட்டா. காற்றொலிகள் வெறும் இரைச்சலாகக் கேட்கும். சாதாரண ஹெட்போன் இருந்தாலே போதுமானது. ஒலியளவை எப்படி வைப்பது என்பது முக்கியம்: முதலில் படைப்பின் உரத்த இடம் ஒன்றைத் தேடி, அது காதை வருத்தாத அளவில் வைத்துவிட்டு, பிறகு தொடக்கத்திற்குத் திரும்புங்கள். மெல்லிய இடம் வரும்போது அளவைக் கூட்டாதீர்கள். மெல்லொலி மெல்லொலியாகவே கேட்டால்தான் தூரம் புரியும். அதைக் கூட்டி அருகே இழுத்துவிட்டால், பத்து நிமிடம் கழித்து வரும் பேரொலி வெறும் அதிர்ச்சியாக முடியும். இணையத்தில் கேட்பவர்கள், ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும்போது ஒன்றின் மேல் ஒன்று கலக்கும் அமைப்பையும், வரிசை மாற்றி ஒலிக்கும் அமைப்பையும் அணைத்துவிட வேண்டும்.

தேடும்போது ஒரு குழப்பம் நேரும். கிறிஸ்டியன் லிண்ட்பெர்க் சுவீடனைச் சேர்ந்த டிராம்போன் கலைஞர், இசையமைப்பாளர். மாக்னுஸ் லிண்ட்பெர்க் பின்லாந்து இசையமைப்பாளர். இருவரும் 1958-இல் பிறந்தவர்கள், உறவினர் அல்லர். அதுபோல யான் சாண்ட்ஸ்ட்ரோம் வேறு, அதே குடும்பப் பெயர் கொண்ட மற்றொரு சுவீடன் இசையமைப்பாளரான ஸ்வென்-டேவிட் சாண்ட்ஸ்ட்ரோம் வேறு. முழுப் பெயரோடு படைப்பின் பெயரையும் சேர்த்தே தேடுங்கள்.

கருவியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுதல்

கோட்பாடு அதிகம் வேண்டாம். நான்கைந்து செய்திகள் தெரிந்திருந்தால் கேட்பது பன்மடங்கு வளமாகும். பித்தளைக் கருவியில் ஒலியை உண்டாக்குவது பித்தளை அல்ல, வாசிப்பவரின் உதடு. குவளை போன்ற வாய்ப்பகுதியில் உதட்டை வைத்து அதிரச் செய்ய, குழாய் அந்த அதிர்வைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்குகிறது. குழாய் நீளமானால் ஒலி ஆழமாகும்: டிரம்பெட்டின் குழாய் ஏறத்தாழ 1.4 மீட்டர், டிராம்போனுடையது 2.7 மீட்டர், ஹார்னுடையது 3.7 மீட்டர், டூபாவுடையது வகையைப் பொறுத்து 5 மீட்டர் வரையோ அதற்கு மேலோ போகும். ஹார்ன் சுருட்டி வைத்திருப்பதால் சிறிதாகத் தோன்றுகிறதே தவிர, அது டிராம்போனைவிட நீளமான குழாய்.

டிராம்போனில், ஒலிக்கும் குழாயின் நீளத்தை விரலால் மாற்ற உதவும் வால்வுகளுக்குப் பதிலாக நீட்டிச் சுருக்கும் சறுக்குக் குழாய் இருக்கிறது. அதற்கு ஏழு நிலைகள். இதனால் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இடைவெளியின்றி வழுக்கிச் செல்ல முடியும். ஆனால் அந்த வழுக்கலுக்கு எல்லை உண்டு: ஏழு நிலைகளுக்கிடையே ஆறு அரைச்சுரங்கள்தான். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் உதட்டின் இறுக்கத்தை மாற்றி, அதே நீளக் குழாய் தரும் வேறோர் இயற்கை ஒலிக்குத் தாவியாக வேண்டும். நல்ல கலைஞர் அந்தத் தாவலை மறைப்பார். நல்ல இசையமைப்பாளர் சில சமயம் அதை மறைக்க விடமாட்டார்.

ஹார்னில் வால்வுகளை இடக்கை அழுத்துகிறது, வலக்கை, குழாய் விரிந்து முடியும் மணிவாய்க்குள் நுழைந்து ஒலியின் நிறத்தை மாற்றுகிறது. கையால் முழுதும் அடைத்தால் ஒலி உலோகத் தகடு உரசுவதுபோல ஆகி, வெகு தொலைவிலிருந்து வருவதாகத் தோன்றும். டிரம்பெட், டிராம்போன் ஆகியவற்றின் மணிவாயில் செருகும் மியூட் என்னும் அடைப்பான்கள் பல வகை: கூம்பு வடிவ அடைப்பான் ஒலியைக் கூர்மையாக்கும்; கிண்ணம் பொருத்தியது மங்கலாக்கும்; கழிவுக் குழாய் அடைப்பு நீக்கப் பயன்படும் ரப்பர்க் கிண்ணத்தைக் கையில் பிடித்துத் திறந்து மூடினால் பேசுவதுபோன்ற ஒலி வரும். வாசித்துக்கொண்டே தொண்டையால் வேறொரு சுரத்தைப் பாடினால் இரண்டு ஒலிகளும் மோதி, மூன்றாவது நான்காவது ஒலிகள்கூடப் பிறக்கும். சுவீடனின் ஃபோல்கே ராபே 1982-இல் கிறிஸ்டியன் லிண்ட்பெர்குக்காகத் தனி டிராம்போனுக்கு எழுதிய ‘பாஸ்தா’வில் இந்த இரட்டைக் குரலைத் தெளிவாகக் கேட்கலாம். ராபேயே டிராம்போன் வாசித்தவர். சில நிமிடங்களே நீளும் அப்படைப்பை ஆர்க்கெஸ்ட்ரா இசைக்குப் போகும் முன் காணொளியாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் வாய் செய்யும் வேலை அதில் கண்ணுக்குத் தெரியும்.

முதல் மாலை: ரவுத்தவாரா

பின்லாந்தின் எய்னோயுஹானி ரவுத்தவாரா (1928–2016) தம் இருபதுகளில், 1953-இல், ‘நம் காலத்துக்கு ஓர் இரங்கல் வழிபாடு’ என்று பொருள்படும் படைப்பைப் பதின்மூன்று பித்தளைக் கருவிகளுக்கும் தாளக் கருவிகளுக்குமாக எழுதினார். அது அவருடைய தாயின் நினைவுக்கானது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் சின்சினாட்டியில் நடந்த போட்டியில் அதற்குப் பரிசு கிடைக்க, அவர் பெயர் முதன்முறையாக நாட்டுக்கு வெளியே அறியப்பட்டது. ஆண்டுக் கணக்கில் இது ‘இன்றைய’ இசை அல்ல. இருந்தும் இங்கிருந்தே தொடங்கச் சொல்கிறேன். மொத்தமே பத்து நிமிடத்தைச் சற்றுத் தாண்டும் நான்கு பகுதிகள். இறந்தவர்க்கான வழிபாடு, ஆனால் ஒரு சொல்கூட இல்லை; பாட வேண்டியவற்றையெல்லாம் பித்தளைக் கருவிகளே பாடுகின்றன. இரண்டாம் பகுதியின் பெயர் ‘நம்புகிறேன், ஐயுறுகிறேன்’. மூன்றாவது தீர்ப்பு நாளின் சினம். நான்காவது கண்ணீர். அந்தக் கடைசிப் பகுதியைக் கேட்டுவிட்டால், பித்தளை என்றால் முழக்கம் என்ற எண்ணம் யாருக்கும் பழைய உறுதியோடு நிற்காது.

டிராம்போனும் ஒரு மனிதரும்

கிறிஸ்டியன் லிண்ட்பெர்க் பதினேழாம் வயதில்தான் டிராம்போனைக் கையிலெடுத்தார். ஜாக் டீகார்டன் என்ற ஜாஸ் கலைஞரின் இசைத்தட்டுகளே அவரை அதன் பக்கம் இழுத்தன. பத்தொன்பதாம் வயதில் ஸ்டாக்ஹோம் அரச ஓப்பரா ஆர்க்கெஸ்ட்ராவில் இடம் கிடைத்தது. ஓராண்டில் அதை விட்டு விலகி, டிராம்போன் தனிக் கலைஞர் என்ற, அன்று ஏறத்தாழ இல்லாத ஒரு தொழிலைத் தேர்ந்துகொண்டார். அதன்பின் அவருக்காக எழுதப்பட்ட படைப்புகள் நூற்றுக்கணக்கானவை.

அவற்றுள் முதலில் கேட்க வேண்டியது யான் சாண்ட்ஸ்ட்ரோம் எழுதிய முதல் டிராம்போன் கான்செர்ட்டோ. 1989-இல் அரங்கேறிய இதை எல்லோரும் ‘மோட்டார்பைக் கான்செர்ட்டோ’ என்றே அழைக்கிறார்கள். டிராம்போனின் சறுக்கு, எஞ்சினை முறுக்கும் ஒலியாகிறது. மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றிப் புறப்பட்ட ஒருவரின் பயணமாகப் படைப்பு விரிகிறது. இதை வேடிக்கை இசையாக மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். வழுக்கல் ஒவ்வொன்றும் எங்கே முடிகிறது என்று கவனியுங்கள். சில வழுக்கல்கள் ஆர்க்கெஸ்ட்ரா பிடித்துவைத்திருக்கும் ஒரு சுரத்தில் வந்து அமர்கின்றன. சில அதைத் தாண்டிப் போய்விடுகின்றன. வண்டி எதையெதைக் கடக்கிறது, எங்கே நிற்கிறது என்பதைச் சொல்பவை அந்த முடிவிடங்கள்தாம். முழு நீளத்துக்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு இதன் சுருக்க வடிவம் ஒன்றும் உண்டு. பிடித்துப்போனால், 1994-இல் சாண்ட்ஸ்ட்ரோம் ஸ்பானிய நாவலின் நாயகனான டான் கிஹோட்டேயைக் கருவாக வைத்து எழுதிய இரண்டாவது கான்செர்ட்டோவுக்குச் செல்லுங்கள். அதில் கலைஞர் வாசிப்பதோடு நடிக்கவும் வேண்டும் என்பதால் காணொளிதான் பொருத்தம்.

தமக்கு எழுதித் தந்த சாண்ட்ஸ்ட்ரோம் ஊக்கப்படுத்தியதால் லிண்ட்பெர்க் தாமும் எழுதத் தொடங்கினார். 1998-இல் வந்த ‘மூலையில் மாண்ட்ரேக்’ என்ற கான்செர்ட்டோ துப்பறியும் படத்துக்கான பின்னணி இசைபோலத் துள்ளி ஓடுவது. இசைக் கல்லூரி மாணவர்கள் உலகெங்கும் விரும்பி எடுக்கும் படைப்பு. என் கணக்கில் அது இனிமையான இடைவேளை. தங்கிவிட வேண்டிய இடம் அடுத்ததுதான்.

அது பின்லாந்தின் கலேவி ஆஹோ 1993–94-இல் லிண்ட்பெர்குக்காக எழுதிய ஒன்பதாவது சிம்பொனி. சிம்பொனி என்பது வழக்கமாக ஆர்க்கெஸ்ட்ரா முழுவதற்குமான, பல பகுதிகள் கொண்ட நெடும்படைப்பு. இதற்குப் பெயர்தான் சிம்பொனி, உள்ளே டிராம்போன் கான்செர்ட்டோ. இதில் கலைஞர் இரண்டு கருவிகளை மாற்றி மாற்றி எடுக்கிறார்: ஒன்று இன்றைய டிராம்போன், மற்றொன்று அதன் பழைய வடிவமான, குரல் ஒடுங்கிய, மணிவாய் சிறுத்த சாக்பட். இன்றைய ஆர்க்கெஸ்ட்ரா கொந்தளித்துக்கொண்டிருக்கும்போதே, சுவரில் ஒரு கதவு திறந்ததுபோல், பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளின் பரோக் கால நடையில் ஓர் இசை உள்ளே வரும், சாக்பட் பேசும், பின் கதவு சாத்தப்படும். முதல் முறை கேட்கும்போது இந்தக் காலத் தாவல்களை மட்டும் எண்ணுங்கள். இரண்டாம் முறை, பழைய இசை போன பிறகு இன்றைய இசையில் அதன் எந்தத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடுங்கள். ஒஸ்மோ வான்ஸ்கா நடத்தும் லாஹ்தி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவுடன் லிண்ட்பெர்க் வாசித்த பதிவு, சுவீடனின் பிஸ் நிறுவன வெளியீடாகக் கிடைக்கிறது.

ஆஹோவுடன் இன்னும் சில நாள்

1949-இல் பிறந்த ஆஹோ, ஆர்க்கெஸ்ட்ராவின் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கான்செர்ட்டோ எழுதிவிட வேண்டும் என்று உழைத்துவருபவர். டூபாவுக்கு 2000–01-இலும், டிராம்போனுக்கு 2010-இலும், டிரம்பெட்டுக்கும் ஹார்னுக்கும் 2011-இலும் எழுதினார். இவற்றை எல்லாம் வரிசையாகக் கேட்டு முடிக்க வேண்டும் என்பதில்லை. டூபா கான்செர்ட்டோவை நார்வேயின் ஓய்ஸ்டைன் போட்ஸ்விக் பதிவில் கேளுங்கள். ஆர்க்கெஸ்ட்ராவின் கடைசி வரிசையில் அடித்தளம் தாங்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெருங்குழாயில் இவ்வளவு மென்மையான குரல் இருக்கிறது என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

நான் அதிகம் வற்புறுத்துவது ஹார்ன் கான்செர்ட்டோவை. ஆர்க்டிக் வட்டத்தையொட்டிய ரோவானியேமி நகரின் லாப்லாந்து சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவுடன் ஆன்னு சால்மினென் இதைப் பதிவு செய்திருக்கிறார். இதில் தனிக் கலைஞர் மேடையின் நடுவில் நின்றுவிடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து ஒலி தொடங்குகிறது, அரங்கத்தில் இடம் மாறுகிறது, பிறகு அகன்றுபோகிறது. வால்வு இல்லாத ஆதிக் கொம்பில் கிடைத்த இயற்கை ஒலிகள், பியானோவின் சுரங்களோடு ஒத்துப்போகாத இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. அவற்றை அபசுரம் என்று எண்ணிவிட வேண்டாம். குழாயின் இயற்பியலே அந்தச் சுரங்களைத் தருகிறது. ஹெட்போனில் கண்ணை மூடிக்கொண்டு, ஹார்ன் இப்போது எங்கே நிற்கிறது என்று விரலால் சுட்டிப் பாருங்கள். சிறுபிள்ளை விளையாட்டுப்போலத் தோன்றினாலும், தூரத்தை இசையின் ஓர் அங்கமாகக் கேட்பதற்கு இதைவிட நேரான பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

தூரத்தின்மீது ஆஹோவுக்கு இருந்த பற்று இன்னும் பெரிய அளவில் வெளிப்பட்டது அவருடைய பன்னிரண்டாவது சிம்பொனியில். லாப்லாந்தின் லூவோஸ்தோ குன்றின் சரிவிலேயே வாசிப்பதற்காக எழுதப்பட்டு, 2003 ஆகஸ்டில் அங்கே அரங்கேறியது அது. கேட்பவர்களைச் சுற்றி, சரிவில் ஆங்காங்கே கலைஞர்கள் நிறுத்தப்பட்டார்கள். பதிவில் அந்த வெளியை முழுமையாகக் கொண்டுவர முடியாது; ஹார்ன் கான்செர்ட்டோவில் பழகிய காதுக்கு அதன் சாயலாவது கிடைக்கும்.

டிரம்பெட்டுக்கு ஹார்டன்பெர்கர்

டிராம்போனுக்கு லிண்ட்பெர்க் எப்படியோ, டிரம்பெட்டுக்கு அப்படி 1961-இல் மால்மோவில் பிறந்த ஹோகன் ஹார்டன்பெர்கர். அவருக்காக எழுதியவர்கள் நார்டிக் நாடுகளுக்கு வெளியேயும் ஏராளம். இங்கே இரண்டைச் சொல்கிறேன். சுவீடனின் ரால்ஃப் மார்ட்டின்சன் 1998-இல் எழுதிய ‘பாலம்’ எளிதில் நட்பாகும் படைப்பு, விரிந்த மெட்டுகளும் ஒளிரும் ஆர்க்கெஸ்ட்ராவும் கொண்டது. நவீன இசை என்றாலே தயங்குபவருக்கு அதைக் கொடுக்கலாம்.

மற்றொன்று நார்வேயின் ரால்ஃப் வாலின் 2011-இல் எழுதிய ‘மீன்பிடி மன்னன்’. வாலின் தாமே டிரம்பெட் வாசித்தவர். புனிதக் கிண்ணம் ஒன்றைத் தேடிச் செல்வதைச் சொல்லும் இடைக்கால ஐரோப்பாவின் கிரேல் கதையில் ஆறாத காயமுற்ற மன்னன் ஒருவன் வருகிறான். அவன் காயம் ஆறாதவரை அவன் நாடும் பாழாகவே கிடக்கும். அவனைப் பார்க்க வரும் இளைஞன், உங்களுக்கு என்ன நோவு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். மரியாதை கருதி அவன் கேட்காமல் போய்விடுகிறான். இந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு வாலினைக் கேளுங்கள். டிரம்பெட்டை வீரனாகக் கொள்ளாமல் காயம்பட்ட குரலாகக் கொண்டால், அதைச் சுற்றி ஆர்க்கெஸ்ட்ரா ஏன் அப்படி வறண்டும் வெடித்தும் கிடக்கிறது என்பது விளங்கும். இதே கதையின் அந்தக் கேள்வி இந்தக் கட்டுரையின் கடைசிப் படைப்பில் மறுபடியும் வரும்.

நார்வேயின் டினே திங் ஹெல்செத்துக்காக டென்மார்க்கின் பென்ட் சோரன்சன் எழுதிய டிரம்பெட் கான்செர்ட்டோவையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சிறிய மக்கள்தொகையில் இத்தனை பித்தளைக் கலைஞர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வி எழுவது இயல்பு. விடை தெருவில் இருக்கிறது. நார்வேயில் மே 17 அரசியலமைப்பு நாளன்று ஊர்தோறும் பள்ளிக் குழந்தைகளின் பேண்டு வாத்தியக் குழுக்கள் சீருடையில் வாசித்துச் செல்லும். பெர்கன் நகரில் ஆண்டுதோறும் பிராஸ் பேண்டுகளுக்கான தேசியப் போட்டி நடக்கிறது. பின்லாந்தில் ஏழு பித்தளைக் கருவிகள் கொண்ட ஊர்க் குழுக்கள் ஒரு காலத்தில் எங்கும் இருந்தன. அந்நாட்டின் மிகப் புகழ்பெற்ற இசையமைப்பாளரான சிபேலியுஸ் இளமையில் அவற்றுக்கு எழுதியிருக்கிறார். லியெக்சா என்ற சிற்றூரில் 1980 முதல் பித்தளை இசைக்கென்றே கோடை விழா நடத்துகிறார்கள். டென்மார்க்கின் இசையமைப்பாளர் கார்ல் நீல்சன் பதினான்கு வயதில் ஓடென்சே நகரப் படைப்பிரிவின் பேண்டில் கொம்பும் டிராம்போனும் ஊதித்தான் வாழ்க்கையைத் தொடங்கினார். தெருவில் ஊதிய அந்த மூச்சுதான் பின்னாளில் அரங்கத்துக்குள் வந்தது.

ஹார்ன்: ஆப்ரஹாம்சன்

டென்மார்க்கின் ஹன்ஸ் ஆப்ரஹாம்சன் 1952-இல் பிறந்தவர். பிறவியிலேயே வலப்பக்கக் கை கால்களில் இயக்கக் குறைவு உள்ளவர். பித்தளைக் கருவிகளில் ஹார்ன் ஒன்றுதான் வால்வுகளை இடக்கையால் இயக்குவது. அதனால் அவருக்கு அது பொருந்தியது. கோபன்ஹேகனில் ஹார்ன் படித்த அவர் இசையமைப்பாளராகப் புகழ்பெற்று, தம் அறுபதுகளின் இறுதியில்தான் அக்கருவிக்குக் கான்செர்ட்டோ எழுதினார். பெர்லின் பில்ஹார்மோனிக்கின் முதன்மை ஹார்ன் கலைஞர் ஸ்டெஃபான் டோருக்காக எழுதிய அது, 2020 ஜனவரியில் பாவோ யார்வி நடத்த அங்கே அரங்கேறியது.

இதைக் கேட்க இரவு நேரம் நல்லது. ஒன்றும் நடக்கவில்லை என்று முதலில் தோன்றும். ஹார்ன் மெல்ல ஒரு சுரத்தைப் பிடிக்கிறது, அருகிலுள்ள மற்றொன்றுக்குச் செல்கிறது, திரும்புகிறது. ஆர்க்கெஸ்ட்ரா கண்ணாடிமேல் பனி படர்வதுபோல் அதன்மேல் படர்கிறது. சுருதிப் பெட்டியின் நீள் ஒலியைக் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு இங்கே ஒரு வசதி உண்டு: நீண்டு நிற்கும் ஒற்றைச் சுரத்தில் சலிப்பின்றி இருக்க நமக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்துங்கள். ஹார்னின் ஒலி தொடங்கும் கணத்தைவிட அது முடியும் கணத்தைக் கவனியுங்கள். மூச்சு தீரும் இடத்தில் ஒலியை ஆர்க்கெஸ்ட்ராவில் யார் வாங்கிக்கொள்கிறார் என்று பாருங்கள்.

இன்னொரு ஹார்ன் மாணவர், உலகறிந்த நடத்துநரான பின்லாந்தின் எசா-பெக்கா சலோனென். ஆப்ரஹாம்சனைக் கேட்டபின், சலோனென் எழுதிய ஹார்ன் கான்செர்ட்டோவை அருகில் வைத்துப் பார்க்கலாம். அதையும் வாசித்தவர் அதே டோர்தான்.

தனிக் கலைஞர் இல்லாமல்

இத்தனை நாள் தனிக் குரலைப் பின்தொடர்ந்த காது இப்போது ஆர்க்கெஸ்ட்ராவின் பின்வரிசைக்குப் போகத் தயாராக இருக்கும். அதற்கு முன் சிபேலியுஸுக்கு ஒரு மாலை கொடுங்கள். ஐந்தாவது சிம்பொனியின் கடைசிப் பகுதியில் ஹார்ன்கள் ஊசலாடும் அந்த மெட்டு, 1915 ஏப்ரலில் அவர் கண்ட பதினாறு அன்னங்களோடு தொடர்புடையது. 1924-இல் முடித்த ஏழாவதில் ஒரு டிராம்போன் மூன்று முறை எழுந்து வருகிறது. எல்லாம் அதன் தோள்மேல் நிற்கிறது. பின்வந்த யாரும் இந்த இரண்டையும் அறியாமல் எழுதவில்லை.

மாக்னுஸ் லிண்ட்பெர்கின் ‘ஃபெரியா’ 1997-இல் லண்டன் புரோம்ஸ் விழாவில் அரங்கேறியது. திருவிழா என்ற பெயருக்கேற்ப டிரம்பெட் அழைப்புகள் எங்கும் பறக்கும். இந்தக் கட்டுரையில் முழக்கத்துக்கு இடமுள்ள படைப்பு இது ஒன்றுதான் என்று சொல்லலாம். அதன் நடுவே இத்தாலிய இசையமைப்பாளர் மோண்ட்டெவெர்டியின் பழைய புலம்பல் ஒன்று நிழலாக வந்துபோகிறது, அதைத் தவறவிடாதீர்கள். சிகாகோ சிம்பொனியின் பித்தளைக் கலைஞர்களுக்காக அவர் 2005-இல் எழுதிய ‘ஒட்டோனி’யின் பெயருக்கே இத்தாலிய மொழியில் பித்தளைக் கருவிகள் என்று பொருள்.

ஐஸ்லாந்தின் ஆன்னா தோர்வால்ஸ்தோத்திர் இதற்கு எதிர்த்திசையில் நிற்பவர். அவருடைய ‘மெட்டாகாஸ்மோஸ்’ படைப்பில் பித்தளைக் கருவிகள் நிலத்தடியில் நகரும் கனமாக இருக்கின்றன. சுரமில்லாத வெறுங்காற்றைக் குழாய்க்குள் விடும் இடங்களும் அவர் இசையில் உண்டு. நீண்ட சுரம் ஒன்றைக் கண்டால் அதை எளிதில் கசங்கும் மலராக எண்ணி, கையில் ஏந்திக் கயிற்றின்மேல் நடப்பதுபோல் கொண்டுசெல்லுங்கள் என்ற கருத்தில் அவர் வாசிப்பவர்களுக்குக் குறிப்பு எழுதியிருக்கிறார். கேட்பவருக்கும் அதைவிட நல்ல அறிவுரை கிடையாது.

மேலும் தேட விரும்புபவர்கள் 1965-இல் தொடங்கிய நார்டிக் கவுன்சில் இசைப் பரிசின் பட்டியலைப் பார்க்கலாம். 1998-இல் வாலின், 2000-இல் காய்யா சாரியாஹோ, 2012-இல் தோர்வால்ஸ்தோத்திர், 2016-இல் ஆப்ரஹாம்சன் என இங்கே வந்த பெயர்கள் பல அதில் உள்ளன. பெரிய பதிப்பகங்கள் சில, இசைக்குறிப்பை இணையத்தில் பார்வைக்கு வைத்திருக்கின்றன. குறிப்பு வாசிக்கத் தெரியாதவர்களும், மியூட் மாறும் இடங்களையும் நீண்ட கோடுகளையும் கண்ணால் தொடரலாம்.

கடைசி மாலை: சாரியாஹோ

சாரியாஹோவின் டிரம்பெட் கான்செர்ட்டோவைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. ‘ஹஷ்’, அதாவது அமைதி காக்கச் சொல்லும் ஓசை, அவர் எழுதிய இறுதிப் படைப்பு. மூளையில் கட்டியோடு வாழ்ந்த காலத்தில் அதை முடித்தார். 2023 ஜூன் 2 அன்று பாரிசில் காலமானார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுசன்னா மால்க்கி நடத்த, பின்லாந்து வானொலி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஹெல்சிங்கியில் அதை அரங்கேற்றியது. தனிக் கலைஞர் வெர்னேரி போஹ்யோலா ஒரு ஜாஸ் டிரம்பெட் கலைஞர். மூச்சும் முணுமுணுப்பும் கூச்சலும் சுரமும் ஒரே குழாய்க்குள் கலக்கும் அவருடைய வாசிப்பு முறையை நம்பியே இது எழுதப்பட்டிருக்கிறது.

நான்கு பகுதிகள். மூன்றாம் பகுதியின் பெயர், உனக்கு என்ன நோவு என்ற கேள்வி. மீன்பிடி மன்னனிடம் அந்த இளைஞன் கேட்காமல் விட்ட அதே கேள்வி. கிரேல் கதையின் பெயர் தாங்கிய வயலின் கான்செர்ட்டோ ஒன்றை 1994-இல் எழுதியவர் சாரியாஹோ. வாழ்வின் முடிவில் அக்கேள்விக்குத் திரும்பி வந்து, அதைக் கலைஞரின் மூச்சில் ஏற்றிவிட்டார். முதல் முறை கேட்கும்போது பொருள் தேடாதீர்கள். டிரம்பெட்டில் குரல் எங்கே முடிகிறது, கருவி எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் பிரித்தறிய முயலுங்கள். முடியாமல் போகும் இடங்களே அதிகம். நான்காம் பகுதியில் ஒலி அடங்கிய பிறகு, அடுத்த பாட்டு தானாகத் தொடங்கிவிடாதபடி அந்த அமைப்பை முன்பே அணைத்து வையுங்கள். இசை எழுதிவைத்த மௌனம் அங்கிருந்து இன்னும் சிறிது நேரம் நீள்கிறது.